சராசரிக் குடும்பம் ஒன்று தேவை

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தித்தாளும் கையுமாக வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பை அந்த வீட்டில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"பாத்தீங்களா? நம்ம ஏரியா முதலிடம்!"

சூப்பர்வைசர் வாங்கிப் படித்தார். புறநகர் வாழ்வாதார வாரியத்தின் ஆண்டறிக்கை வெளியாகியிருந்தது. இருபத்தேழு புறநகர்களில் வேலைவாய்ப்பு அதிகம் உள்ளது இங்கேதானாம். தலைக்கு ஒன்றேகால் வேலைவாய்ப்பு இருக்கிறதாம்.

பிஸ்கட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். கம்பெனியை மூடி ஏழு மாதமாகிறது. கேட்டைப் பூட்டியவர்கள் பட்டத்தைப் பறிக்க மறந்துவிட்டதால், தெருவில் எல்லாருக்கும் அவர் இன்னும் சூப்பர்வைசர்தான். மேற்பார்வை செய்வதற்கு அவரிடம் இப்போது மிஞ்சியிருந்தது கொடியில் காயும் துணி மட்டும்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"அதான் சொல்ல வந்தேன். இவ்வளவு வேலைவாய்ப்பு இருக்கிற இடத்துல பழைய வாடகையை வாங்கறதுக்கு எனக்கே கூச்சமா இருக்குங்க. அடுத்த மாசத்துலேர்ந்து கொஞ்சம் ஏத்திக்கலாம்."

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டதும் உள்ளே தையல் மெஷின் நின்றது. சூப்பர்வைசரின் மனைவி துணிகளை ஆல்ட்டர் செய்து கொடுப்பவள். தெருவில் யாருடைய இடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. முன்பெல்லாம் பெரிதாக்கித் தரச்சொல்லித்தான் வருவார்கள். இந்த ஏழு மாதமாக வருகிறவர்கள் எல்லாரும் சிறிதாக்கச் சொல்கிறார்கள். அறிக்கை எழுதியவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டுக்காரர் போனதும் அவள் வெளியே வந்தாள். "தலைக்கு ஒன்னேகால்னு போட்டிருக்கில்ல? நாளைக்கே போய் உங்க பங்கக் கேளுங்க. பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கு."

மறுநாள் அவர் போனார்.

வாரியம் ஐந்து மாடிக் கட்டடத்தில் இருந்தது. வேலை தேடி வருகிறவர்கள் கீழ்த்தளத்தில் நின்றார்கள். அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மேலே நாலு தளங்களில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வரிசை மாறி, இரண்டு முறை டோக்கன் காலாவதியாகி, மதியம் சூப்பர்வைசர் துணை இயக்குநரின் அறைக்குள் விடப்பட்டார். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம். அதில் நூற்றுக்கணக்கான பச்சைக் குண்டூசிகள்.

"சார், பேப்பர்ல பாத்தேன். ஆளுக்கு ஒன்னேகால் வேலை. எனக்கு ஒன்னு போதும் சார். கால யாருக்காவது குடுத்துடுங்க."

துணை இயக்குநர் சிரித்தார். குழந்தைகளின் மழலைக்குப் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"வேலைன்னு எங்க போட்டிருக்கு? வேலைவாய்ப்பு. வேலை வேற, வாய்ப்பு வேற. வாய்ப்பு எங்க டிபார்ட்மென்ட். வேலை யாரோட டிபார்ட்மென்ட்னு விசாரிச்சுத்தான் சொல்லணும்."

"அப்ப அந்த வாய்ப்பெல்லாம் எங்க சார் இருக்கு?"

"அறிக்கையில இருக்கு. நாப்பத்தோராம் பக்கம்." அவர் எழுந்து வரைபடத்தின் அருகே போனார். "இதோ பாருங்க. ஒரு கடைய மூடறாங்கன்னா என்ன அர்த்தம்? அந்த இடத்துல இன்னொரு கடை திறக்க வாய்ப்பு வந்தாச்சுன்னு அர்த்தம். குண்டூசிய குத்திடுவோம். நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

"பிஸ்கட் கம்பெனில."

"அடடா!" துணை இயக்குநர் மேஜையைச் சுற்றி வந்து சூப்பர்வைசரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அது ஒன்னுலயே நானூறு வாய்ப்பு ஏறிச்சு சார்! அது மூடலைன்னா நாம மூணாவது இடத்துலதான் இருந்திருப்போம். இந்த முதலிடத்துக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"இருக்கட்டும் சார், பரவால்ல" என்றார் சூப்பர்வைசர்.

வந்ததற்கு ஒரு படிவமாவது நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஒன்றை நீட்டினார்கள். வயது நாற்பத்தேழு. குடும்பத்தில் மூன்று பேர். வாடகைக்கு இரண்டு அறை. ஒரு தையல் மெஷின், ஒரு மின்விசிறி. படிவத்தைக் கணினியில் ஏற்றிய குமாஸ்தா திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். "சார்! இங்க வாங்க! இவர் சராசரி சார்!"

அறை முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது. பதினோரு வருஷமாக அவர்கள் ஒரு சராசரிக் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். கிடைக்கிறவர்கள் எல்லாரும் சராசரிக்கு ஒரு முடி மேலே, அல்லது ஒரு முடி கீழே. இவரோ எந்தப் பக்கம் பார்த்தாலும் நட்டநடு. ஓர் அதிகாரி அவருடைய செருப்பைக் கழற்றச் சொல்லி அளவு பார்த்தார். அதுவும் சராசரி. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன் வாழ்நாளில் தன்னை இத்தனை பேர் வியந்து பார்த்ததில்லை என்பதால் சூப்பர்வைசர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

விஷயம் இதுதான். இனிமேல் அவர் குடும்பம்தான் வாரியத்தின் மாதிரிக் குடும்பம். அவர்கள் வீட்டில் ஆகிற செலவுதான் இந்தப் புறநகரின் வாழ்க்கைச் செலவு. தினமும் ஓர் அலுவலர் வந்து குறித்துக்கொள்வார்.

"சம்பளம் ஏதாவது...?"

"மாதிரிக்குச் சம்பளம் குடுத்தா அப்புறம் அது மாதிரியா இருக்குமா? ஆனா வேலை வந்தா மாதிரிக் குடும்பத்துக்குத்தான் முன்னுரிமை." துணை இயக்குநர் பேனாவைத் திறந்து கொடுத்தார். முன்னுரிமை என்ற சொல்லைக் கேட்ட பிறகு சூப்பர்வைசர் வேறெதையும் படிக்கவில்லை. ஒன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை வாசலில் பித்தளைப் பலகை அடித்தார்கள். வியாழக்கிழமை காலையில் கையில் தராசோடு ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்த கணக்கெடுப்பு அலுவலர். முதல் நாளே சூப்பர்வைசரின் மகள் அவளுக்கு 'தராசக்கா' என்று பேர் வைத்துவிட்டாள்.

தராசக்கா எல்லாவற்றையும் நிறுத்தாள். அரிசி, தக்காளி, சோப்பு, காபித்தூள். பல் தேய்ப்பதற்கு முன் பேஸ்ட்டை ஒருமுறை, தேய்த்த பின் ஒருமுறை. ஆனால் எடை பார்க்கும்போது அவள் கை தராசில் படவே படாது. முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பத்தொன்பது வருஷம் பாக்கெட்டுகளின் எடையைச் சரிபார்த்தவர் என்ற முறையில் சூப்பர்வைசர் அதைக் கவனித்து மெச்சினார்.

முதல் மாதம் சமையல் எண்ணெய் விலை ஏறியது. தராசக்கா குறித்துக்கொண்டு போனாள். மறுநாள் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"எண்ணெயைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்கக்கா. மாதிரிக் குடும்பம் பட்டியல்ல இல்லாதத வாங்கக் கூடாதாம்."

"அப்ப எதுல தாளிக்கிறது?" என்றாள் மனைவி.

"அதையும் கேட்டேன். தாளிக்கிறதையும் எடுத்துட்டாங்களாம்."

அடுத்த வாரம் தக்காளி போனது. அதற்கடுத்து காபி. பஸ் கட்டணம் ஏறியபோது பஸ்ஸே போனது. வேலை தேடிப் பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்த சூப்பர்வைசரின் நடையைத் தராசக்கா 'உடற்பயிற்சி, இலவசம்' என்ற தலைப்பில் எழுதவேண்டியிருந்தது. எழுதும்போது அவள் தலையை நிமிர்த்தவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தை வாரியம் ஏற்கவே மறுத்தது. படிப்பு எதிர்காலத்துக்கு உரியது, எதிர்காலத்தை நிகழ்காலச் செலவில் சேர்ப்பது முறைகேடு என்று பதில் வந்தது. வீட்டு வாடகை ஏறியதற்கு மட்டும் தனியாக ஒரு குழு உட்கார்ந்தது. வீடு இருக்கும் இடத்திலேயே இருப்பதால் அது நடமாட்டமில்லாத பொருள் என்று முடிவு செய்து, வாடகையையும் அடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் அந்த முடிவுக்குக் கட்டுப்படவில்லை.

"ஏம்பா, நாம இன்னும் பட்டியல்ல இருக்கோமா?" என்று மகள் கேட்டாள்.

"பேசாம சாப்பிடு."

"என்னத்த?"

மனைவி ஒருநாள் தராசக்காவைப் பிடித்து உட்காரவைத்தாள். "உன்னத் திட்டி என்ன பிரயோஜனம். சாப்டியா?" அவள் சாப்பிட்டிருக்கவில்லை. வாரியம் தரும் சம்பளத்தில் இந்தப் புறநகரில் குடியிருக்கக் கட்டுப்படியாகாது என்பதால், இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற ஓரிடத்திலிருந்து வருகிறாளாம். விடியுமுன் கிளம்பினால்தான் இவர்கள் பல் தேய்ப்பதைப் பிடிக்க முடியும். இருந்ததில் ஒரு தட்டு அவளுக்கும் வைத்தார்கள். அவள் அதைப் பழக்கதோஷத்தில் நிறுக்கப்போய், வெட்கப்பட்டுத் தராசை மூடி வைத்தாள்.

மூன்றாம் மாதக் கடைசியில்தான் அது நடந்தது. சூப்பர்வைசருக்கு வேலை கிடைத்தது. வாய்ப்பு இல்லை, வேலை. சலவைத்தூள் கம்பெனியின் பேக்கிங் பிரிவில், பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மேனேஜர் பத்து நிமிஷம் பேசினார். ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினின் சத்தத்தைக் கேட்டே அதன் சீல் சரியில்லை என்று இவர் சொன்னார். "ஒன்னாந்தேதி வந்துடுங்க" என்றார் மேனேஜர். அன்று வீடு திரும்பிய பதினான்கு கிலோமீட்டரும் சூப்பர்வைசருக்கு நிஜமாகவே உடற்பயிற்சி மாதிரிதான் இருந்தது.

ஆனால் கையெழுத்துப் போட்ட ஒன்பது பக்கங்களில் ஏழாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் மாதிரிக் குடும்பம் தன் நிலையை மாற்றிக்கொள்ளக் கூடாது. வேலை கிடைத்த செய்தி தராசக்காவின் அன்றைய குறிப்பில் ஏறியதால், வாரியத்திலிருந்து கம்பெனிக்குக் கடிதமும் போய்விட்டது. மேனேஜர் போன் செய்தார். "எனக்கு உங்கள எடுக்க ஆசைதான். ஆனா வாரியத்தோட மல்லுக்கு நிக்க எங்களால ஆகாது. ஒன்னாந்தேதிக்குள்ள சான்று கொண்டு வாங்க. இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்." ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

சூப்பர்வைசர் துணை இயக்குநரின் முன் போய் நின்றார்.

"வேலைக்குப் போறீங்களா?" துணை இயக்குநர் உண்மையாகவே புண்பட்டிருந்தார். "உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம்? எங்க மாதிரிக் குடும்பத்துல ஒருத்தர் வேலை தேடிக்கிட்டு இருக்கணும். அதுதான் சார் சராசரி. நீங்க வேலைக்குப் போயிட்டா, வேலை தேடறவங்களே இல்லாத ஊரு ஆயிடும் இது. அப்புறம் வேலை தேடறவங்களுக்கான வாரியம் எதுக்குன்னு மேல கேப்பாங்க. உங்க ஒருத்தர் சம்பளத்துக்காக எங்க இருநூத்திப் பத்துப் பேர் சம்பளத்துல மண்ணப் போடலாமா?"

"முன்னுரிமைன்னு சொன்னீங்களே சார்..."

"அது வேலைவாய்ப்புல. இது வேலை." அவர் தோளில் தட்டினார். "நாளன்னைக்கு விழா இருக்கு. உங்களுக்குச் சால்வை போடறோம். சந்தோஷமா வந்து சேருங்க."

விழா வாரியத்தின் அரங்கில் நடந்தது. வாழ்க்கைச் செலவு மூன்றே மாதத்தில் பதினொரு சதவீதம் குறைந்ததைக் கொண்டாடும் விழா. மேடையில் சூப்பர்வைசரை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். எண்ணெய் இல்லாத சமையலில் அவர் கொஞ்சம் உள்வாங்கியிருந்தார். சால்வையைப் போர்த்தியதும் ஆள் முக்கால்வாசி மறைந்துவிட்டார்.

துணை இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "விலைவாசியக் குறைக்கவே முடியாதுன்னு பெரிய பெரிய ஆளுங்கள்லாம் கைய விரிச்சுட்டாங்க. நாங்க விலையத் தொடவே இல்ல! மக்கள் வாங்கினாத்தான செலவு? வாங்கறத நிறுத்தினோம், செலவு தானா நின்னுடுச்சு. இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாளா ஏன் யாருக்கும் தோணலைன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. இதோ இந்தக் குடும்பத்தப் பாருங்க. எண்ணெய் இல்ல, காபி இல்ல, பஸ் இல்ல. ஒரு புகார் உண்டா? புகார்ப் பெட்டியத் தொறந்து பாத்தோம். காலி! ஏன்னா, புகார் எழுதற பேப்பர் விலை ஏறினப்பவே அதையும் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டோம்."

கைதட்டல் அடங்குவதற்குள் கணக்குப் பிரிவு அதிகாரி ஓர் உறையோடு மேடையேறினார். துணை இயக்குநர் அதையும் பாராட்டுக் கடிதம் என்று நினைத்து ஒலிபெருக்கியிலேயே சத்தமாகப் படித்தார்.

"தங்கள் வாரியத்தின் அறிக்கையை ஏற்று, மேற்படி புறநகரில் பணிபுரியும் அனைத்து அலுவலர்களின் பஞ்சப்படியும் ஒன்றாம் தேதி முதல் பதினொரு சதவீதம்..."

அங்கே நிறுத்தினார். மீதியை மனதுக்குள் படித்தார். விலைவாசிக்கு ஈடாகச் சம்பளத்தோடு சேர்த்துத் தரப்படும் பஞ்சப்படியைக் குறைக்கும் உத்தரவு அது. வாழ்க்கைச் செலவு குறைந்த ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு எதற்கு என்று மேலிடம் கேட்டிருந்தது. கேள்வியில் தப்பில்லை. அரங்கில் உட்கார்ந்திருந்த இருநூற்றுப் பத்துப் பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். "அநியாயம்! எண்ணெய் விக்கிற விலையில எப்படிய்யா குடும்பம் நடத்தறது?" என்று முதலில் கத்தியவர், எண்ணெயைப் பட்டியலிலிருந்து நீக்கிய அதிகாரி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாரியமே சூப்பர்வைசரின் வீட்டுக்கு வந்துவிட்டது. துணை இயக்குநர், கணக்கு அதிகாரி, குமாஸ்தா, பின்னால் கூச்சத்தோடு தராசக்கா, உள்ளே இடமில்லாமல் வாசலில் மற்ற அதிகாரிகள். இரண்டு அறை வீட்டில் நுழைந்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, நீங்கதான் காப்பாத்தணும்" என்றார் துணை இயக்குநர் மனைவியைப் பார்த்து. "இந்த மாசம் முடிய இன்னும் மூணு நாள் இருக்கு. நீங்க செலவு பண்ணனும். நல்லா, தாராளமா. முந்திரி வாங்குங்க. டாக்சில போங்க. மூணு நாள்ல செலவு பதினொரு சதவீதம் ஏறிட்டா, திருத்தின அறிக்கை அனுப்பிடுவேன்."

"பணம்?" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்தபடியே.

"பணம் நாங்க குடுத்தா அது உங்க செலவா ஆகாதே. அது முறைகேடு."

"எங்ககிட்ட இருந்தாத்தான சார் செலவு பண்ண முடியும்?"

இந்தக் கோணம் வாரியத்தில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கணக்கு அதிகாரி குறித்துக்கொண்டார். அவள் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"நான் ஒன்னு சொல்றேன், கேளுங்க. இவர் வீட்ல இருக்கறவரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் இந்த வீட்ல செலவு ஏறாது. வேலைக்குப் போற மனுஷன்னா தினமும் பஸ்ஸு. மத்தியானச் சாப்பாடு. நல்லதா ரெண்டு சட்டை. சம்பளம் வருதுன்னு தெரிஞ்சா வீட்டுக்காரர் இன்னும் ஏத்துவார். பொண்ணு காலேஜ் பீஸ் கட்டுவோம். நான் எண்ணெய் வாங்கி மூணு மாசத்துக்கும் சேத்து வச்சுத் தாளிப்பேன். பதினொன்னு என்ன, இருபதே ஏத்திக் காட்டறேன். அதுக்கு இவர் வேலைக்குப் போகணும். அதுக்கு உங்க சான்று வேணும்."

"அம்மா, ஒன்னாந்தேதிதான சேரப்போறார்? அதுக்குள்ள இந்த மாசம்..."

"ஒன்னாந்தேதி வேலைக்குப் போறவன் முப்பதாந்தேதியே சட்டை வாங்குவான் சார். எதிர்த்த கடையில கடன் சொன்னாக் குடுப்பாங்க, கையில சான்று இருந்தா."

துணை இயக்குநர் கணக்கு அதிகாரியைப் பார்த்தார். கணக்கு அதிகாரி வாய்க்குள்ளேயே கூட்டிப் பார்த்து, வேகமாகத் தலையாட்டினார். வழக்கமாகத் தடையில்லாச் சான்று எட்டு மேஜை ஏறி இறங்க நாலு மாதமாகும். அன்று எட்டு மேஜைக்காரர்களும் அந்த வீட்டு வாசலில்தான் கைபிசைந்துகொண்டு நின்றிருந்தார்கள். கட்டில்மேல் வைத்து ஒருவர் எழுதினார், மெஷின்மேல் வைத்து ஒருவர் முத்திரை குத்தினார். பதினாறு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சூப்பர்வைசர் அதைக் கையில் வாங்கி, ஈரம் காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.

அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அந்த மூன்று நாளும் தாளித்த வாசனை தெருக்கோடிவரை போனது. வாரியத்துக்குப் பஞ்சப்படி திரும்பக் கிடைத்தது. பித்தளைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதோடு தராசக்காவின் ஒப்பந்தத்தையும் பாதியிலேயே முடித்துவிட்டார்கள். நிறுக்க வீடு இல்லாதபோது நிறுக்கிறவள் எதற்கு என்று சொல்லிவிட்டார்களாம்.

சூப்பர்வைசர் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம். காலையில் அவர் போன பஸ், வாரியத்தின் எதிரில் ஊர்ந்து ஊர்ந்து நின்றுவிட்டது. கட்டடத்தைச் சுற்றி இரண்டு தெருவுக்கு வரிசை. வரலாற்றில் முதல்முறையாக வாரியத்தில் நிஜமாகவே ஓர் இடம் காலியாகியிருந்தது. 'சராசரிக் குடும்பம் ஒன்று தேவை' என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். துணை இயக்குநர் மாடத்தில் நின்று ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். "இவ்வளவு பேர் திரண்டு வந்திருக்கறதப் பாக்கும்போது, நம்ம புறநகர்ல வேலைவாய்ப்பு எப்படிப் பெருகியிருக்குன்னு..."

வரிசையின் நடுவில் தராசக்கா நின்றிருந்தாள். கையில் படிவம். தோளில் அதே தராசுப் பை. அது அவள் சொந்தத் தராசு என்பதே சூப்பர்வைசருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டார். "இந்தாம்மா! இங்க எதுக்கு நிக்கிற?"

"என்னண்ணே பண்றது, கிடைக்கறதப் பாக்கணுமே."

"எங்க செக்‌ஷன்ல எடை பாக்க ஆள் இல்லாம பாக்கெட்டெல்லாம் ஏறுக்குமாறா போகுது. நேத்துக்கூட மேனேஜர் புலம்பினார். தராச எடுத்துக்கிட்டு வா."

அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். "சராசரிப் படிவம் பாதி எழுதிட்டேன்ணே."

"எட்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சுடும்" என்றார் சூப்பர்வைசர், பழைய சூப்பர்வைசர் குரலில்.

அவள் வரிசையை விட்டு விலகினாள். அவள் நின்ற இடம் கண்ணிமைப்பதற்குள் நிரம்பிவிட்டது. கிளம்பப்போன பஸ்ஸில் தராசை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு தானும் தொற்றிக்கொண்டாள். சூப்பர்வைசர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் கை நீட்டியபோது இரண்டு விரல் காட்டினார்.